டீ குடிக்க முடியாதவரின் படுக்கை

காலை எட்டரை மணி. சிறை மருத்துவமனையின் கடைசி அறையை வெளியிலிருந்து திறந்த சிஸ்டர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

டெய்லர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் தூங்கக்கூடியவர் அல்ல. வெளியே தையல்காரராக இருந்த கைதி; தொண்டையில் புற்றுநோய். இரண்டு இரவுகளாகக் குளிரும் இருமலும் அவரை விடவில்லை. இப்போதோ சுவரைப் பார்த்து ஒருக்களித்து, அசையாமல் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளும் கைதி தரையில் உட்கார்ந்திருந்தான். சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளியே அவனுக்குத் தள்ளு என்று பெயராகிவிட்டது. அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாதீங்க சிஸ்டர். இப்பத்தான் கண்ணசந்தாரு."

சிஸ்டர் டெய்லரின் உதட்டைப் பார்த்தார். நீலம். இமையைத் தூக்கினார். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"அடப்பாவி, இது தூக்கம் இல்லடா!"

ஓடினார். வலி மருந்து அளவு மீறினால் போடும் மாற்று ஊசியோடு திரும்பி வந்தார். சற்று நேரத்தில் டெய்லர் இருமினார். கண் திறந்தார். காற்றாய் வந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன் எழுப்பினீங்க?"

காலை 9.15. இரண்டு டாக்டர்கள் அறைக்குள் வந்தார்கள். ஒருவர் இந்தச் சிறையின் டாக்டர். சிறை மருத்துவர் சங்கத்தின் செயலாளர். மற்றவர் வேறோர் ஊரில் பெண்கள் சிறையில் பணிபுரியும் அம்மாள், சங்கத்தின் தலைவர். அன்று ஆண்டுக் கூட்டம். அதற்காக ஒரே காரில் போய்க்கொண்டிருந்தவர்களைப் பாதி வழியில் தொலைபேசி திருப்பியது. சிறைக்குள் யாருக்காவது எதிர்பாராமல் உயிராபத்து வந்தால், வேறு சிறையின் டாக்டர் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். சங்கம் போராடி வாங்கிய விதி அது.

செயலாளர் தலைவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சங்கத்தில் எல்லோருமே அப்படித்தான். டெய்லரின் முதுகையும் மருந்து அலமாரியையும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"அக்கா, முதுகுல வலிக்கு ஒட்டற மருந்துப் பிளாஸ்திரி ஒண்ணுதான் இருந்தது. எடுத்துட்டேன். வெட்டல, கிழிக்கல. அஞ்சு வாரமா அதே அளவு. அலமாரியிலயும் எதுவும் குறையல."

"அப்ப மிச்ச மருந்து எங்கேருந்து வந்தது?"

"மாத்திரை. டெய்லர் முழுங்கிட்டிருந்த காலத்துல கொடுத்தது. நாக்குக்கு அடியில ஒளிச்சு சேர்த்து வைக்கறது நமக்குத் தெரியாததா? தள்ளு அதைப் பொடிச்சு டீயில கரைச்சு, சாப்பாடு போற மூக்குக் குழாய்ல விட்டிருக்கான். படுக்கையில டீக் கறை இருக்கு, பாருங்க."

"இவன் எதுக்குச் செய்யணும்?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "முடிச்சு விட்டுடுங்கன்னு டெய்லர் எல்லார்கிட்டயும் கேட்டாரு. என்கிட்டயும்தான். நான் பேச்சை மாத்திட்டேன். இவன் உட்கார்ந்து அழுதான். இன்னிக்கு இவனுக்கு விடுதலை. போறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு உதவி பண்ணிட்டுப் போறதா நினைச்சிருப்பான்."

வாசலில் நின்ற சிறைக் கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டு மணிக்கு இவனை விடணும் மேடம். போலீசுக்குச் சொன்னா விட முடியாது. கொலை முயற்சின்னு உள்ளயே கிடப்பான். சொல்லாம விட்டா, நாளைக்கு என்னை யாரு விடுவா? 'ஏன் எழுப்பினீங்க'ன்னு அவரே கேட்டிருக்காரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"வாசல்ல இவனுக்காக யாராவது வந்திருக்காங்களா?"

"அக்காக்காரி வந்திருக்கா. கூட இவன் பொண்ணு. ஏழு வயசு. விடியும்போதே வந்தாச்சு. அப்பாவைக் கம்பி இல்லாம பார்த்ததே இல்லையாம். காவலர்கிட்ட அப்பா எவ்வளவு உயரம்னு கேட்டுக்கிட்டிருக்கு."

தலைவர் கட்டிலருகே போனார். கைகளைக் கழுவிக்கொண்டு, தேய்த்துச் சூடாக்கி, டெய்லரின் நெற்றியைத் தொட்டார். சில்லென்றிருந்தது. கைகள், பாதங்கள் எல்லாமே சில். அறையின் சுவரே ஈரம் பூத்துக் கிடந்தது. ஜன்னலில் ஒரு குடிநீர் பாட்டில். வேறு எதுவும் இல்லை.

ஊசிக்குழலை மூக்குக் குழாயில் பொருத்தி, வயிற்றில் இருந்ததைக் கொஞ்சம் உறிஞ்சினார். வெள்ளையாக வந்தது. இரவு கொடுத்த பால் உணவு. அதில் டீயின் நிறம் துளியும் இல்லை. குழாயின் உள்ளும் கறை இல்லை.

"செயலாளரே, கறை எங்க இருக்கு?"

"விரிப்புல."

"விரிப்புல எங்க? மூக்குக் குழாய்ல விட்டுச் சிந்தியிருந்தா தலையணையில இருக்கணும். இது முதுகுக்குப் பின்னால இருக்கே."

செயலாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

தலைவர் டெய்லரின் சட்டையை மெல்லத் தூக்கினார். கைதி எடுத்து வேறு யாருக்கும் விற்காமலிருக்க, சிறையில் இந்தப் பிளாஸ்திரியைத் தோள்பட்டைகளுக்கு நடுவில்தான் ஒட்டுவார்கள். அது இருந்த சதுரம் வெளுத்துத் தெரிந்தது. அதன் மேலாக, முதுகுத் தண்டை ஒட்டி, நீளவாக்கில் ஒரு சிவப்புப் பட்டை.

"படுத்துப் படுத்துச் சிவந்திருக்கும் அக்கா."

"எந்தப் பக்கம் படுத்திருந்தாரு?"

"ஒருக்களிச்சு," என்றார் சிஸ்டர். "முதுகு அறையைப் பார்த்து இருந்துச்சு மேடம். எதுமேலயும் படல."

காலை 10.20. மூலையில் நின்ற தள்ளுவைத் தலைவர் அருகே அழைத்தார். அவன் செருப்பில்லாமல், கம்பளிக் காலுறைகளோடு நடந்து வந்தான். தலைவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். வலது கால் வைத்த இடங்களில் மட்டும் ஈரத் தடம்.

"காலைல டீ எப்ப வந்தது?"

"ஆறு மணிக்கு. கதவுல இருக்கற சின்னத் திறப்பு வழியா."

"எத்தனை குவளை?"

"ரெண்டு மேடம். தலைக்கு ஒண்ணு. அண்ணனால குடிக்க முடியாதுன்னு சமையல்கட்டுக்குத் தெரியாது."

"ரெண்டும் இவன் வயித்துக்குத்தான் போகும்," என்றார் சிஸ்டர். "தொப்பையைப் பாருங்க."

"குவளை எப்ப திரும்பிப் போச்சு?"

கண்காணிப்பாளர் சொன்னார். "உடனே வாங்கிடுவோம். சூடான எதையும் அறைக்குள்ள வெச்சுக்கக் கூடாது. முன்னாடி ஒருத்தன் கொதிக்கிற தண்ணியை இன்னொருத்தன் மூஞ்சியில ஊத்திட்டான். அதுலேருந்து வந்த விதி. காலிக் குவளை ரெண்டும் ஆறு பத்துக்கே வந்தாச்சு."

தலைவர் தள்ளுவிடம் திரும்பினார். "நீ டீ குடிச்சியாப்பா?"

"குடிச்சேன்."

"எப்ப?"

"சிஸ்டர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ஆறின டீ உனக்குப் பிடிக்குமா?"

"இவனுக்கா?" என்றார் சிஸ்டர். "நாக்கு வெந்தாலும் பரவாயில்லன்னு குடிக்கிறவன் மேடம்."

தள்ளு தலையைக் குனிந்துகொண்டான்.

"குவளை ஆறு பத்துக்குக் காலி. நீ குடிச்சது எட்டு மணிக்கு மேல," என்றார் தலைவர் மிக மெதுவாக. "நடுவுல அந்த டீ எங்கப்பா இருந்தது?"

தள்ளு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"உன்னைத் திட்டறதுக்குக் கேக்கல. ஜன்னல்ல இருக்கற அந்தப் பாட்டில்லதானே?"

தள்ளுவின் தோள்கள் குலுங்கின.

"அண்ணனுக்கு ராத்திரி பூரா பல்லு கிடுகிடுன்னு அடிக்குது மேடம். என் போர்வையையும் போத்திவிட்டேன். நிக்கல. நான் போயிட்டா யாரு பார்ப்பா? கடைசி நாளாவது சூடா இருக்கட்டும்னு ரெண்டு டீயையும் பாட்டில்ல ஊத்தி, காலுறையில சுத்தி, முதுகுல அணைச்சு வெச்சேன். கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னு தூங்கிட்டாரு. ரெண்டு நாளா தூங்காத மனுஷன் தூங்கறாரேன்னு சந்தோஷப்பட்டேன். சிஸ்டர் வர்ற நேரமாச்சுன்னு டீயைக் குடிச்சுட்டு, பாட்டிலைக் கழுவி, காலுறையை மாட்டிக்கிட்டேன். விடற அன்னிக்கு விதியை மீறினா நாள் கூடிடும்னு பயம்." அவன் நிமிர்ந்தான். "சத்தியமா டீயில ஒண்ணும் கலக்கல மேடம்."

"தெரியும். கலந்திருந்தா நீ குடிச்சிருக்க மாட்ட."

தலைவர் டெய்லரின் பக்கம் குனிந்தார். "எழுப்பினதுக்குக் கோபமா?"

டெய்லரின் உதடுகள் அசைந்தன. தலைவர் காதை வைத்துக் கேட்டார். பிறகு எல்லோருக்கும் சொன்னார்.

"ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் குளிராம இருந்ததாம்."

கண்காணிப்பாளர் குழம்பிப்போனார். "அப்ப விஷம் வெச்சது யாரு?"

"விஷம் யாரும் வைக்கல சார். மூணு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா தோல் வழியா இறங்கற மருந்து அது. மேல சூடு பட்டா வேகவேகமா இறங்கிடும். டீ பாட்டில் சரியா பிளாஸ்திரி மேல இருந்திருக்கு. முதுகுல சிவந்திருக்கறது அந்த பாட்டிலோட நீளம். விரிப்புல இருக்கற கறை அதோட மூடி கசிஞ்சது. இவனோட ஈரக் காலுறையும் அதே கசிவுதான்."

தள்ளு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நான்தானா மேடம்? என் கையாலயா?"

தலைவரும் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"நோயாளியைப் பார்த்துக்கறவங்களுக்கு எங்க சங்கம் வகுப்பு நடத்துச்சே, வந்தியா?"

"வந்தேன்."

"பிளாஸ்திரி பத்தி என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான். "வெட்டக் கூடாது. கிழிக்கக் கூடாது. முதுகுல தவிர வேற எங்கயும் ஒட்டக் கூடாது. யாருக்கும் கொடுக்கக் கூடாது."

"சூடு படக் கூடாதுன்னு?"

அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். "சொல்லலையே மேடம்."

"வகுப்பு எடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"கண்காணிப்பாளர் சார்," என்றார் தலைவர், எழுந்திருக்காமலேயே. "'வெச்சது யாரு'ன்னு நீங்க கேட்ட ஆள் நான்தான், இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

செயலாளர் ஓரடி முன்னால் வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, சூடு பத்தின பாடத்தை நீக்கச் சொன்னது நான். கமிட்டியில, 'ஜெயில்ல வெந்நீர் பை ஏது அக்கா, நேரம்தான் வீண்'னு சொன்னேன்."

"நீ சொன்ன. நான் சிரிச்சேன். நீக்கிட்டோம். கைதி எதைத் திருடுவான், எதை விப்பான்னு அத்தனையும் யோசிச்சோம். ஒருத்தனுக்குக் குளிரும், பக்கத்துல இருக்கறவன் சும்மா இருக்க மாட்டான்னு நமக்குத் தோணவே இல்லை பாரு."

காலை 11.10. கண்காணிப்பாளரின் அறை. தலைவர் அவருடைய மேசைத் தொலைபேசியிலேயே ஒவ்வொரு சிறை டாக்டரையும் அழைத்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் செயலாளர் குனிந்து, காதோடு பேசினார்.

"அறிக்கையில சங்கத்தோட தவறுன்னு எழுதினா வகுப்பையே நிறுத்திடுவாங்க அக்கா. நம்மள உள்ள விடறதுக்கே எத்தனை வாசல்ல காத்துக் கிடந்தோம்?"

"நிறுத்தினா மறுபடி போய்க் காத்துக் கிடப்போம். நமக்குப் பழக்கம்தானே. வெளிய ஒரு பிள்ளை நிக்குது, அதுக்குப் பழக்கம் வேண்டாம்."

செயலாளர் பேனாவை எடுத்து, அறிக்கையில் தலைவரின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"சரி. போலீசுக்கு இதுல வேலை இல்லை. ஆனா பாட்டில் வெச்சிருந்த குத்தம் இருக்கே?"

"அதுக்கு என்ன தண்டனை சார்?"

"முதல் தடவைன்னா எச்சரிக்கை." வாசலில் காவலரோடு நின்ற தள்ளுவை அவர் நிமிர்ந்து பார்த்தார். "எச்சரிச்சாச்சு. போய்ச் சட்டையை மாத்துடா, மணியாச்சு."

பகல் பன்னிரண்டு. தள்ளு சாதாரணச் சட்டையில் கடைசி அறைக்கு வந்தான். அந்தச் சட்டை அவனுக்குத் தளர்ந்து தொங்கியது. "தொப்பைன்னு சொன்னது வாபஸ்," என்றார் சிஸ்டர். டெய்லரின் மேல் இப்போது மூன்று போர்வைகள். வலிக்குக் குறைந்த அளவில் ஊசி போட்டிருந்தார்கள். இன்று முழுதும் யாராவது பக்கத்தில் இருந்து அவர் மூச்சைக் கவனிக்க வேண்டும். செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குத் தலைவர் மட்டும் போவதாக முடிவாகியிருந்தது.

"போயிட்டு வரேன்ணே," என்றான் தள்ளு.

டெய்லர் ஒரு விரலை வெளியே நீட்டி அவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்தார். பிரிந்திருந்த தையலைத் தடவிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "யார்டா தச்சது," என்றது காற்றுக் குரல். தள்ளு சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான்.

கதவுவரை போனவன் திரும்பினான்.

"டாக்டர், அவருக்குக் கால்தான் முதல்ல குளிரும். பாதத்துல ஆரம்பிச்சுத்தான் மேல ஏறும்."

"சரி. போ, உன் பொண்ணு நிக்குது."

அவன் போனான். தாழ்வாரத்தில் அவன் நடை கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டமாக மாறுவது அறைக்குள் கேட்டது.

செயலாளர் எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். சிறைக்கு வந்த நாளிலிருந்து கையுறை இல்லாமல் அவர் எந்தக் கைதியையும் தொட்டதில்லை. இப்போது அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போர்வைக்குள் கையை விட்டு, டெய்லரின் பாதங்களைத் தேடி, இரண்டையும் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்.