மூடாத டிஸ்க்

பந்திங் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் நுழையும் மண் சாலையில் மூன்றாவது வீடு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். கிள்ளானிலிருந்து அவ்வளவு தூரம் நானே போனதற்குக் காரணம், உஷாராணி என்ற அந்த வீட்டு அம்மா தன் பழைய டிஸ்க்கைத் தபாலில் அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டதுதான்.

எங்களுக்கு ஒரு வாட்சாப் குழு உண்டு. பழைய டிஸ்க் ஓடவில்லை, வீடியோ திறக்கவில்லை என்று யாராவது புலம்பினால், தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்வோம். எல்லாரும் வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து நோண்டுகிற ஆட்கள்தான், படித்த இன்ஜினியர் ஒருத்தரும் கிடையாது. அதில் என் பெயர் கொஞ்சம் பெரிசு. 'விமலன் அண்ணன்கிட்ட குடுத்தா செத்த டிஸ்க்கும் பேசும்' என்பார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் இருந்தது. இல்லையென்று பொய் சொல்லி இனி என்ன ஆகப் போகிறது?

உஷாராணிக்கு ஐம்பது வயதிருக்கும். பிஸ்கட் டின்னைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் சின்ன டிஸ்க். அந்தக் காலத்தில் கேமராவுக்குள்ளேயே போட்டுப் படம் பிடிப்பார்களே, அது.

"இதுல என் மகன் இருக்கான் அண்ணே. கிஷன். ஏழாவது பர்த்டே."

"எந்த வருஷம்மா?"

"ரெண்டாயிரத்து அஞ்சு. பர்த்டே முடிஞ்சு பதிமூணாம் நாள், பின்னால இருக்கிற பாரிட்ல விழுந்துட்டான்."

சமையலறை ஜன்னல் வழியாக அந்த வாய்க்கால் தெரிந்தது. பனைகளுக்கு நடுவே கறுத்த தண்ணீர், அசைவே இல்லாமல் கிடந்தது. சேற்று வாடை வீட்டுக்குள் வரை வந்தது.

"அவன் அப்பாதான் எடுத்தாரு. கேமராலயே மூடிருங்க, அப்பதான் டிவில ஓடும்னு சொன்னேன். இன்னும் இடம் இருக்குலா, தீபாவளிக்கும் எடுக்கலாம்னாரு." காலி டின்னை மூடினாள். "இப்ப அவரும் இல்ல. கேமரா வெள்ளத்துல போச்சு. கிஷன் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு அண்ணே. பெத்தவளுக்கே மறந்து போச்சு."

எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி டிஸ்க்கில் படம் எடுத்து முடித்ததும் கேமராவிலேயே அதை மூட வேண்டும். மூடும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் அதன் ஓரத்தில் எழுதப்படும். அதற்குப் பிறகு உள்ளே எதுவும் போகாது, இருப்பதும் மாறாது. மூடாத டிஸ்க்கில் பட்டியல் இருக்காது. கம்ப்யூட்டரில் போட்டால் 'காலி' என்று சொல்லும், படம் முழுக்க உள்ளே இருந்தாலும்.

இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. மூடிய டிஸ்க் ஒன்றை முதலில் கம்ப்யூட்டரின் டிஸ்க் மெஷினில் போட வேண்டும். மெஷின் அதன் பட்டியலைப் படித்து மனசில் வைத்துக் கொள்ளும். சுழல்வது நின்றதும், முன்னாலிருக்கும் ஊசித் துளையில் பேப்பர் கிளிப்பைக் குத்தி, தட்டை இழுத்து, மூடாத டிஸ்க்கை மாற்றி வைத்துத் தள்ளிவிட வேண்டும். ஆள் மாறியது மெஷினுக்குத் தெரியாது. பழைய டிஸ்க்தான் என்று நினைத்துக்கொண்டு புதியதைப் படிக்கும். இதற்கு வேண்டாத டிஸ்க்கைத்தான் போட வேண்டும் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கீறல் விழுந்தால் போயிற்றல்லவா?

பிரிக்பீல்ட்ஸ் கார்த்திகேசுவுக்குப் போன் போட்டேன். குழுவில் எனக்கு நெருக்கமானவன்.

"அவசரப்படாதீங்க அண்ணே. அதே மாடல் கேமரா கிடைச்சா போட்டு மூடிரலாம். செலாயாங்ல ஒருத்தர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

"அது எப்ப கிடைக்கிறது? அந்த அம்மா இருபது வருஷமா காத்திருக்கு."

பொறுமை இருந்தால் நான் ஏன் இப்படி ஆகிறேன்! என்னிடம் அந்த அளவில் மூடிய டிஸ்க் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மகள் மலரின் ஐந்தாவது பிறந்தநாள். மலருக்கு இப்போது இருபத்தாறு வயது, பல் கிளினிக்கில் வேலை. அவள் அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கென்று இருப்பது மலர் மட்டும்தான்.

அவள் டிஸ்க்கைத்தான் போட்டேன்.

மதியம் இரண்டு மணி. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மெஷின் மலரின் பட்டியலைப் படித்தது, சுழல்வது நின்றது. கிளிப்பைக் குத்தி, மகளை எடுத்து வெளியே வைத்தேன். கிஷனை உள்ளே வைத்துத் தள்ளினேன்.

மெஷின் முனகியது. பிறகு படம் வந்தது.

பதினோரு நிமிஷம். நீலச் சட்டை போட்ட பையன், முன்பல் ஒன்று இல்லை. கேக்கை வெட்டும் முன்பே விரலால் தொட்டு நக்குகிறான். அடக்க முடியாத சிரிப்பு அவனுக்கு. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபைலை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மூக்கில் பட்டது.

சேற்று வாடை.

சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தேன். மலரின் டிஸ்க்கைச் சும்மா சரிபார்க்கலாம் என்று திரும்பப் போட்டேன்.

'காலி' என்றது.

துடைத்துப் போட்டேன். வேறு மெஷினில் போட்டேன். காலி, காலி, காலி. கீறல்கூட இல்லை. 'சட்டத்தை மீறினா இப்படித்தான்டா' என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் கார்த்திகேசு கிள்ளானுக்கு வந்தபோது கிஷன் டிஸ்க்கை அவனிடம் கொடுத்தேன். கேமரா கிடைத்தால் மூடித் தரட்டும், அந்த அம்மா டிவியிலேயே போட்டுப் பார்க்கும் என்ற நல்ல எண்ணம்தான். பென்டிரைவை நானே பந்திங்கில் கொடுத்துவிட்டு வந்தேன். உஷாராணி அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மலர் வேலை முடிந்து வந்தாள். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அன்றைக்கு மழையே இல்லை.

"என்னம்மா இது?"

"தெரியலப்பா. வேர்வையா இருக்கும்." இருமினாள். "உங்க கம்ப்யூட்டர் ரூம்ல யாருப்பா? காலையில நான் கிளம்புறப்ப, சின்னப் பையன் ஒருத்தன் அப்பா, அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தான். யூடியூப்னு நெனச்சேன்."

காலையில் நான் வீட்டிலேயே இல்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. "யூடியூப்தான்" என்றேன்.

புதன்கிழமை உஷாராணி கூப்பிட்டாள்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. கேக் பக்கத்துல ஒரு பொம்பளப் புள்ள நிக்குது. அன்னைக்கு எங்க வீட்டுக்கு அப்படி யாரும் வரலயே?"

"நல்லா பாத்தீங்களா?"

"தினமும் பாக்குறேன் அண்ணே. நேத்து வரைக்கும் இல்ல. மஞ்சக் கவுன். முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது. கிஷன் கதவு பக்கம் போயிட்டான்."

என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைத் திறந்தேன்.

அந்த மஞ்சள் கவுனை நான்தான் வாங்கினேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில், மலரின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு.

மறுபடி ஓட்டினேன். அவள் பாதி திரும்பியிருந்தாள். கிஷன் கதவைத் தாண்டியிருந்தான், ஒரு கை மட்டும் தெரிந்தது.

மறுபடி ஓட்டினேன். கை இல்லை.

நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால், நாற்காலிக்கு மிக அருகில், யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் மலருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இளம் டாக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்கிள், இவங்க எங்கயாச்சும் தண்ணியில விழுந்தாங்களா?"

"இல்லையே டாக்டர். வீட்லதான் படுத்திருந்தா."

"லங்ஸ்ல தண்ணி இருக்கு. சேத்துத் தண்ணி. எடுக்க எடுக்க வருது."

மலரின் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இங்க யாருமே எனக்குத் தெரிஞ்சவங்க இல்லப்பா. ஏதோ பர்த்டே நடக்குது. நான் வீட்டுக்குப் போறேன்."

"அப்பா வரேன்மா. நான் வந்து உன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

நான் செய்த தப்பு என்னவென்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. மெஷினை மட்டும் ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். மலரின் பட்டியலை வைத்துச் செத்த பிள்ளையை உள்ளே விட்டிருக்கிறேன். அவன் அவள் இடத்துக்கு வந்துவிட்டான். அவன் இடத்துக்கு அவள் போய்க்கொண்டிருக்கிறாள்.

திருப்பிப் போட்டால்? கிஷன் டிஸ்க்கை முதலில் வைத்து, பிறகு மலர் டிஸ்க்கை மாற்றினால்? ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். முடியாது. கிஷன் டிஸ்க்கில்தான் பட்டியலே இல்லையே! எதைக் காட்டி மெஷினை ஏமாற்றுவேன்?

ஆனால் அது இன்னும் மூடவில்லை. மூடாதவரை உள்ளே இருப்பது மாறலாம். போன வழியாகவே அவள் திரும்பி வரலாம். அந்த ஒரு நூலைத்தான் பிடித்துக்கொண்டேன்.

கார்த்திகேசுவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தேன். 'அந்த டிஸ்க்கைத் தொடாதே' என்று செய்தி அனுப்பினேன். அவன் பார்த்த அடையாளமே இல்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃபெடரல் ஹைவேயில் பறந்தேன். பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர மதியம் மூன்று மணி. அவன் ஃபிளாட்டில் நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஓடி ஏறினேன். கதவைத் திறந்தபோது கார்த்திகேசுவின் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! நேர்ல சர்ப்ரைஸா சொல்லலாம்னுதான் போன சைலன்ட்ல போட்டேன். செலாயாங் ஆளு கேமராவக் குடுத்துட்டாரு. இப்பதான் மூடி முடிச்சேன். இனி எவனாலயும் அழிக்க முடியாது, மாத்த முடியாது. அந்த அம்மாவுக்கு காலத்துக்கும் இருக்கும்."

கேமராவின் சின்னத் திரை மேசைமேல் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கேக். மெழுகுவர்த்தி. வேறு யாரும் இல்லை.

மஞ்சள் கவுனில் என் மலர் நேராக என்னைப் பார்த்து நின்றாள். அவள் உதடு அசைந்தது. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைப்பதுபோல் முன்னால் வைத்தாள்.

"யார் அண்ணே இந்தப் புள்ள?" என்றான் கார்த்திகேசு. "பையன்னுதான சொன்னீங்க?"

என் போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண்.

நான் எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் தெரியும்.

கார்த்திகேசு மேல் எனக்குக் கோபமில்லை. உதவிதான் செய்தான். எங்கள் குழுவில் யாருமே யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ முயன்றோம். டிஸ்க்கை உடைக்கலாமா என்று கார்த்திகேசு கேட்டான். உள்ளே அவள் இருக்கும்போது எப்படி உடைப்பது? இப்போது அதைப் போட்டால், பதினோரு நிமிஷமும் மெழுகுவர்த்தி எரிகிறது, மலர் நிற்கிறாள். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் ஒரு முடி அளவுகூட மாற்றமில்லை.

கம்ப்யூட்டர் அறையைப் பூட்டினேன். பூட்டி என்ன பிரயோசனம்? பகலெல்லாம் நாற்காலிச் சக்கரம் உருளும். கதவிடுக்கு வழியாகக் கறுத்த தண்ணீர் கசியும். துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் உள்ளே சிரிப்பு.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, பகல் மூன்று மணிக்கு உஷாராணி வந்தாள். பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பென்டிரைவை மலரின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"அவன் இதுல இல்ல அண்ணே. உங்க பொண்ணுதான் இருக்கு. நான் கேக்காம இருந்திருந்தா..."

"விடும்மா. அவசரப்பட்டது நான்."

காப்பி போடலாமா என்று எழுந்தேன்.

உள்ளே நாற்காலி உருண்டது.

உஷாராணி தலையை நிமிர்த்தினாள். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. முன்பல் இல்லாத வாயிலிருந்து வரும், காற்று கலந்த சிரிப்பு.

அவள் ஓடிப்போய் அறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். கீழே கசிந்திருந்த தண்ணீரில் புடவை நனைந்தது.

"கிஷன்! டேய் கண்ணா! அம்மாடா! அம்மா வந்திருக்கேன்டா!"

சிரிப்பு நின்றது.

சக்கரம் மெதுவாகக் கதவு வரை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. உஷாராணி கன்னத்தைக் கதவில் ஒட்டிவைத்துக் காத்திருந்தாள்.

அவன் பேசியது என்னிடம்தான்.

"அப்பா, யாருப்பா இந்த ஆன்ட்டி?"