வரைபடத்தின் இரண்டாவது லேபிள்

மகன் வஜ்தி நூலகத்துக்குக் கட்ட வேண்டிய தண்டம் பதினான்கு தினார் அறுநூறு மில்லிம். வியாழக்கிழமையும் அதுதான், வெள்ளிக்கிழமையும் அதுதான், இன்றும் அதுதான். மன்னூபியா நூலகக் கணினித் திரையில் விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். ஒரு நாளைக்கு இருபது மில்லிமாக இரண்டு வருடம் ஏறிக்கொண்டே வந்த தொகை. காலையில் வாளியைக் கீழே வைத்ததும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். எடுத்துப்போன பொருள் திரும்பி வந்தால்தான் ஏறுவது நிற்கும்.

"மூணு நாளா ஏறலன்னா மெஷின் மக்கர் பண்ணுது அக்கா. வேற ஒண்ணும் இல்ல" என்றாள் நூலகர் ரஃபீகா, கைப்பையை மாட்டிக்கொண்டே. நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. "நாளைக்குத் தலைநகர்லருந்து ஆளுங்க வராங்க. லேபிள் ஒட்டாதது எதுவும் கணக்குல இருக்கக் கூடாதாம். உங்க பையன் எடுத்துட்டுப் போன அந்த வரைபடத்தத் தொலஞ்சதுன்னு போட்டுருவோமா? தண்டத்த நான் தள்ளுபடி பண்ணிடுறேன்."

"வேணாம்மா. பாக்கி இருக்கட்டும். பாக்கி இருக்கிறவன் வந்துதானே ஆகணும்."

"நீங்க வேற. என் கொழுந்தன் எனக்கு முந்நூறு தினார் தரணும். என்னப் பாத்தாலே சந்து மாறிப் போறான்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ரஃபீகா அவள் தோளைத் தொட்டாள். "திரைய அப்படியே வச்சிட்டுப் போறேன். மிச்ச லேபிள ஒட்டிட்டு, தொலஞ்சதுங்கிற பொத்தான நீங்களே அழுத்திருங்க அக்கா. என் கையால முடியாது."

காவலாள் பஷீர் எதிர்ச்சந்தில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பினான். "வெளியப் பூட்டிக்கிறேன். கஞ்சியக் குடிச்சிட்டு வந்து திறக்கறேன். பேரீச்சம்பழம் இருக்குல்ல?"

"இருக்கு. உன் பொண்டாட்டி கஞ்சிய விட அதுவே தேவலாம்."

அவன் சிரித்துக்கொண்டே பூட்டிய சத்தம் கூடத்தின் கடைசி அலமாரிவரை போய்த் திரும்பியது.

மன்னூபியா லேபிள் சுருளை எடுத்தாள். பெருக்கித் துடைக்க வந்தவள்தான். மகன் கடல் தாண்டப் படகேறிப் போன பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்தைக் கற்றாள், அவன் பேர் எங்காவது இருந்தால் தானே படிக்க வேண்டும் என்று. காவல் நிலையத்தில் அவன் பேர் இல்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை. அந்தப் படகில் போன மற்றப் பிள்ளைகளின் தாய்மார்கள் ஒவ்வொருவராகத் துக்கத்துக்கு உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். இந்தத் திரை மட்டும் அவனைப் பற்றி வேறு மாதிரி சொன்னது: வெளியே உள்ளது, திரும்ப வர வேண்டும்.

சுருளில் ஒவ்வொரு பொருளின் எண்ணும் இரண்டிரண்டாக அச்சாகியிருந்தது. புத்தகத்துக்கு ஒன்று பின்னட்டையில், ஒன்று உள்ளே. ஒலிநாடாவுக்கு ஒன்று நாடாவின் மேல், ஒன்று பெட்டியின் மேல். குறுந்தட்டின் மின்னும் பக்கத்தைத் தொடக் கூடாது. நடு ஓட்டையைச் சுற்றித்தான் இடம். எதுவானாலும் ஈரமில்லாமல் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். எழுத்தை மறைக்கக் கூடாது.

கடல் வரைபடத்தின் பிளாஸ்டிக் உறை மட்டும் மேசையில் கிடந்தது. வஜ்தி அதைக் காலியாக இங்கேயே விட்டுப் போயிருந்தான். அதில் முதல் லேபிளை ஒட்டினாள். இரண்டாவது சுருளிலேயே நின்றது.

போவதற்கு முன் ஒருநாள் அவன் சமையலறை மேசையில் அந்த வரைபடத்தை விரித்தபோது, சுருண்ட மூலைகளில் உப்பு ஜாடியையும் பருப்பு ஜாடியையும் தூக்கி வைத்தது அவள்தான். ஒரே நீலமாக இருக்கே, என்னடா இது என்றாள். படிப்புக்கு உம்மா என்றான். எண்ணெய் படாமல் இருக்கட்டும் என்று அடுப்பைக்கூடத் தள்ளி வைத்தாள்.

தெருவில் கடைசி ஸ்கூட்டர் ஓடி ஓய்ந்தது. ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த எண்ணெய்ப் பொரியல் வாசனையும், தட்டுகள் மோதும் ஓசையும், யார் வீட்டிலோ குழந்தையை அதட்டும் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, ஊர் முழுக்க ஒரே மூச்சை அடக்கிப் பாங்குக்குக் காத்திருப்பதுபோல் ஆனது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை உதட்டருகே கொண்டுபோனவளுக்கு மூக்கில் சேற்று வாடை அடித்தது. துறைமுகத்தின் வாடை அல்ல அது. அடியில், வெகு அடியில், வெயிலே படாத சேற்றின் வாடை.

சொட்டு.

வாசற்கதவின் நடுவில், புத்தகம் திருப்பிப் போடும் துளையின் தகர மூடிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. மத்தியானம்தான் அவள் துடைத்த தரை. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"பஷீரு? விளையாடாத."

தகர மூடி மெல்ல உள்பக்கம் தூக்கியது. நீலமாக ஏதோ நுழைந்தது. ஊறிய ரொட்டியைப் போலப் பிய்ந்து, பொத்தென்று விழுந்தது. அவள் அறிவாள். மூலையில் பருப்பு ஜாடியின் வட்டத் தடம் இன்னும் இருந்தது.

இரண்டாவது லேபிளை உரித்து அதில் வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை. காகிதம் விரலோடு வந்தது. மீண்டும் வைத்தாள். நழுவியது.

மூடி இன்னும் தூக்கியே இருந்தது.

ஒரு கை உள்ளே வந்தது. வெளிறி, ஊதி, தோல் சுருங்கிய கை. கதவைத் தட்டவில்லை. எதையும் பற்றவில்லை. மணிக்கட்டை மேலே திருப்பியது. அப்படியே நின்றது.

பேனாவால் எழுதியிருந்தது அதில். எழுத்துக் கூட்டினாள். உ. ம். மா. கீழே ஓர் எண். அவளுடைய போன் எண்.

"வஜ்தி."

வெளியே மூச்சில்லை. சொட்டு மட்டும்.

"கதவத் திறக்கச் சொல்றேன் கண்ணு. பஷீரு பூட்டிட்டுப் போயிட்டான். இரு."

கை அசையவில்லை. காத்திருந்தது.

கதவை ஒட்டிய மேசையில் திரை நீல வெளிச்சத்தைத் தரையில் விரித்திருந்தது. தொலைந்தது என்ற பொத்தான் அதில் மின்னியது. அதை அவள் அழுத்தவே இல்லை. அழுத்தவும் மாட்டாள். முக்காட்டு நுனியை எடுத்தாள். குளிக்க வைத்த பிள்ளையைத் துவட்டுவதுபோல விரல் விரலாகத் துடைத்தாள். எத்தனை துடைத்தும் குளிர் போகவில்லை. ஈரம் மட்டும் போனது.

எழுத்தை மறைக்காமல், அதற்குக் கீழே, அதே லேபிளை வைத்தாள். கட்டைவிரலால் நீவினாள். ஒட்டிக்கொண்டது.

மேசையிலிருந்த ஸ்கேனரை எடுத்து நீட்டினாள். சிவப்புக் கோடு தோலின் மேல் விழுந்தது.

பீப்.

திரும்பி வந்தது என்றது திரை. தண்டத்தைத் தள்ளுபடி செய்யவா என்று கேட்டது. அவள் தொகையை மறுபடி ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். பிறகு ஆம் என்பதை அழுத்தினாள். பதினான்கு தினார் அறுநூறு அழிந்து, பாக்கி இல்லை என்று வந்தது.

கை மெல்லப் பின்வாங்கி இருட்டுக்குள் போனது. மன்னூபியா மண்டியிட்டு, மூடியில் நெற்றியை முட்டி, பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தகரம் நெற்றியைத் தள்ளியது.

இன்னொரு கை. சின்னது. மணிக்கட்டை மேலே திருப்பியபடி. அதிலும் பேனாவால் வேறொரு போன் எண்.