அரிஞ்சிகையின் விரல் மணம்

கதிரவன் தன் கடைசிப் பொன்னைப் பொருநை நதியில் வாரி இறைத்துவிட்டு மலைக்குப் பின்னால் இறங்க, மருத மரங்களின் இடையே பூரண சந்திரன் எட்டிப் பார்த்த அந்த இனிய வேளையில், செங்குன்றக் கோமானின் பாசறையில் ஒரே ஒருவனுக்கு மட்டும் நிலவும் பிடிக்கவில்லை, நதியும் பிடிக்கவில்லை. அவன் பெயர் பூழியன். மன்னர் உண்பதையும் பருகுவதையும் முதலில் முகர்ந்து, பிறகு சுவைத்து, நஞ்சில்லை என்று சொல்வது அவன் பணி.

அப்படிப்பட்டவனுக்கு மூக்கே வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வது, வாசகர்களே! மழையில் நனைந்து பிடித்த சளி பீனிசமாக முற்றி, புருவ நடுவிலும் கன்னத்து எலும்புக்குள்ளும் சீழாகக் கட்டி நின்றது. குனிந்தால் மண்டை வெடித்தது. மேல்வரிசைப் பற்கள் காரணமின்றி வலித்தன. மல்லிகையும் சாணமும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. மன்னர் அறிந்தால் பணி போய்விடுமே என்று அஞ்சி, இதை அவன் ஒருத்தியிடம் மட்டுமே சொன்னான். அவள் மன்னருக்கு வெற்றிலை மடித்துத் தரும் அரிஞ்சிகை.

"இதற்கா இப்படி வாடுகிறீர்கள்? உங்கள் மூக்காக நான் இருக்கிறேன். நல்ல உணவென்றால் வளையலைத் தொடுவேன்" என்றாள் அவள்.

அந்த வார்த்தையில் உருகிப் போனான், பைத்தியக்காரன்! நோய் வந்த பிறகே அவளைச் சந்தித்தவன் ஆதலால், ஒரு நாளாவது அவள் விரல்களின் மணத்தை அறியவேண்டும் என்று ஏங்கிக் கிடந்தான். அன்று பிற்பகல் அவளே நொச்சி இலையைக் கொதிக்கவைத்து அவனுக்கு வேது பிடித்தாள்.

மாலையில் மன்னருக்குப் பால் வந்தது. அரிஞ்சிகை வளையலைத் தொட்டாள். தாழ்ந்த பீடத்திலிருந்த பொற்கிண்ணத்தை எடுக்கப் பூழியன் குனிந்தபோது, கண்ணுக்குப் பின்னால் ஏதோ உடைந்தாற்போல் கெட்டிச் சளி இறங்கிற்று. துடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தான். அடடா! ஏலம், குங்குமப்பூ, காய்ச்சிய பால்! அவற்றின் அடியில் அழுகிய பூண்டின் நாற்றம்! நாவுக்குத் தெரியாமல் உள்ளே போய், மெல்லக் கொல்லும் பாஷாணம் அது.

அவளைப் பார்த்தான். அவள் மீண்டும் வளையலைத் தொட்டாள்.

மன்னருக்கு முன் அதில் வாய் வைக்கவேண்டியவன் அவனல்லவா? ஐயோ, அவள் அதை அறியாதவளா? நேரே சென்று அவள் வலக்கரத்தைப் பற்றி முகர்ந்தான். வெற்றிலையும் நொச்சியும் மணத்தன. அவற்றோடு அதே பூண்டும்.

"பருகாதீர்கள், பிரபு, நஞ்சு! என் மூக்கு அடைத்துக் கிடந்ததை மறைத்தேன், தண்டனையைப் பிறகு தாருங்கள்" என்று கதறியவன், அவள் பக்கம் திரும்பினான். "நானும் சாவேன் என்று தெரிந்துதான் செய்தாயா?"

"தெரியும். உங்கள் மன்னர் கழுவேற்றிய குறும்பூர்த் தலைவரின் மகள் நான். உங்களைக் காணுமுன்பே செய்த சபதம் இது."

"பிறகு எதற்கடி எனக்கு வேது பிடித்தாய்?"

"நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு துடித்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை."

அவன் பிடி தளர்ந்தது. மறுகணம் அவள் விளக்கை உதைத்துவிட்டு ஆற்றில் பாய்ந்தாள்.

வீரர்கள் தீவட்டிகளோடு கரையெங்கும் தேடினார்கள். நாணல் புதரைத் தடவி வந்த ஈரக் காற்றில், வெற்றிலையும் நொச்சியும் கலந்த மணம் பூழியனின் நாசியில் தெளிவாக ஏறியது.

"உன் மூக்குதான் திறந்துவிட்டதே! அவள் எங்கே, சொல்!" என்று உறுமினார் கோமான்.

பூழியன் நாணல் புதருக்கு முதுகைக் காட்டி நின்றான். கண்ணீர் வழிந்தது.

"மறுபடியும் அடைத்துக்கொண்டது, பிரபு" என்றான்.