ஆறுக்குட்டிக்குக் கண்ணீர் அஞ்சலி!

"ஐயோ... என்ற மாமா!"

சுமலதாவின் அலறலில் ஜெகதளா எஸ்டேட் லைன் வீட்டு ஜனமே ஓடி வந்தது.

தேயிலை பறித்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்தவள். புருஷனைக் காணோம். போனில் ஃபேஸ்புக்கைத் திறந்தால்...

மாலை போட்ட போட்டோவில் ஆறுக்குட்டி சிரிக்கிறான்!

'கண்ணீர் அஞ்சலி. கரடி தாக்கி அகால மரணம்.'

யாரோ தகவல் சொல்ல, சப்-இன்ஸ்பெக்டர் மருதாசலம் வீட்டுக்குள் நுழைந்தார்.

"பாடி எங்கம்மா?"

"தெரியலைங்க சார்!"

"காலைல ரெண்டு பேருக்கும் சண்டையாமா?"



"ஆமாங்க. இலைக்கு வெலையில்லாம ஃபேக்டரி மூடி நாலு மாசமாச்சுங்க. அன்னைலருந்து போனும் கையுமாத்தான் கிடந்தாருங்க. 'நீங்க செத்தாக்கூட ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க'ன்னு... வாய் தவறிச் சொல்லிப்போட்டேனுங்க!"

"சொன்னது மட்டுந்தானா? ரத்தமில்ல, கரடித் தடமில்ல... ஜீப்புல ஏறுங்க!"

கொலைக் கேஸா! சுமலதா போனை எடுத்தாள். அழுதுகொண்டே அஞ்சலிக்கு வந்த கமெண்ட்டுகளைத் தள்ளினாள்.

'ஆழ்ந்த இரங்கல்' என்று மாரப்பன். பக்கத்தில் ஒரு ஹார்ட்.

'தங்கமான மனுசன்' என்று பக்கத்து வீட்டு மருதாயி. அதற்கும் ஹார்ட்!

முன்னூறு இரங்கல்... முன்னூறு ஹார்ட்! யார் போட்டது? தொட்டுப் பார்த்தாள்.

ஆறுக்குட்டி!

அழுகை பட்டென்று நின்றது.

"சார், ஒரு நிமிஷமுங்க."

டைப் செய்தாள். 'விட்டது சனியன்!'

மூன்றே விநாடி...

"யாரைடி சனியன்னு சொல்ற?"

கர்ஜனை பரண் மேலிருந்து வந்தது! மூட்டைகளுக்கு நடுவே ஆறுக்குட்டியின் தலை நீண்டது.

சுமலதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

"ஏனுங்க மாமா... ஏன் இப்படிப் பண்ணுனீங்க?"

அவன் கண் கலங்கியது.

"வேலை போனதுலருந்து ஒருத்தனும் என்னை மதிக்கல புள்ள! செத்தேன்னு போட்டதும் முன்னூறு பேரு அழுவறாங்க. நீ மட்டும் ஒரு கமெண்ட்டுகூடப் போடல!"

"கீழ நின்னு நெஞ்சு வெடிக்கக் கத்துனனே... காதுல உழுகலீங்களா?"

"கேட்டுது புள்ள. ஆனா... போஸ்ட்டுல வரலியே!"

சுமலதா நிதானமாக எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்தாள்.

"சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க."

மருதாசலம் மறுபேச்சில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"சார்... ஆளு உசுரோட இருக்காருங்களா?" மருதாயி ஓடி வந்தாள். "அப்ப அந்த அஞ்சலியை எடுத்துடச் சொல்லட்டுங்களா?"

மருதாசலம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அவசரப்படாதீங்கம்மா... இன்னும் அரை மணி நேரம் இருக்கட்டும்!"