பன்னெண்டு கூண்டுல புது உமி

திங்கக்கெழம. காலைல ஆறு பத்து.

மெடிக்கல் காலேஜோட எலி ரூமுக் கதவ வெள்ளையன் கார்டத் தேச்சுத் தொறந்தாரு. பன்னெண்டு வருசமா தெனமும் தொறக்கற கதவுதான். அதே வாடை, அதே ஏசிக் குளுரு. ஆனா கீழ்த் தட்டுல மட்டும் ஒண்ணும் அசையல.

கீழ்த் தட்டுல பன்னெண்டு கூண்டு. கூண்டுக்கு ஒரு தாய் எலி, அதோட குட்டிக. பன்னெண்டு தாயும் வெறச்சுக் கெடந்துச்சு. ஒம்பது நாளுக் குட்டிக, கண்ணு கூடத் தொறக்காம, செத்த அம்மா வவுத்துல பாலு தேடி முட்டிக்கிட்டு இருந்துச்சுக.

ஏழு அஞ்சுக்குத்தான் அவரு டாக்டர் வேல்குமாருக்கு ஃபோன் பண்ணுனாரு.

இதெல்லாம் தரணிக்கு அப்புறமாத்தான் தெரியும். தரணி வெள்ளையனோட ஒரே மவ. பதினாறு வயசு. காலாண்டு லீவுங்கறதால தெனமும் மங்கலத்துல இருந்து பஸ் ஏறி அப்பாவுக்குச் சோறு கொண்டு வருவா. அன்னைக்கு ஒம்பது இருவதுக்கு அவ வந்து நின்னப்ப, வராண்டாவுல டாக்டர் வேல்குமார் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சு.

"மூணு வருசம்யா! மூணு வருச வேல! மேல் தட்டுல ஆம்பள எலி அத்தனையும் குதிச்சுட்டு இருக்கு. எனக்கு வேண்டிய பன்னெண்டு மட்டும் எப்படிய்யா சாவும்? எவனோ பாத்துப் பாத்துப் பண்ணிருக்கான்!"

அப்பா தலையக் குனிஞ்சுட்டு நின்னாரு. கைல ஒரு இங்க் ஃபில்லரு. அதுல பாலு. குட்டிகளுக்கு ஒவ்வொரு சொட்டா ஊட்டிட்டு இருந்திருக்காரு.

தரணிக்கு அந்த எலிக வெறும் எலி இல்ல. வலிப்புக்கு மாத்திரை திங்கற பொம்பளைக மாசமானா, வவுத்துல இருக்கற கொழந்தையோட மூளைய எந்த மாத்திரை கெடுக்கும், எது கெடுக்காது, அதத்தான் டாக்டர் வேல்குமார் அந்தத் தாய் எலிகள வெச்சுப் பாத்துட்டு இருந்தாரு. தரணியோட அம்மா சித்ரகலாவுக்கும் வலிப்புதான். தரணி வவுத்துல இருந்தப்ப, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டு மாத்திரைய நிறுத்திட்டாங்க. வலிப்பு வந்து வாசப்படில விழுந்து, ரெண்டு உசுரும் பொழச்சதே பெருசு. அப்புறம் ஒருக்கா பனியன் கம்பெனில, மிஷின்ல உக்காந்திருக்கறப்பவே வந்துருச்சு. அதுல இருந்து எந்தக் கம்பெனியும் சேத்திக்கல. ஊட்டுலயே பிசிறு வெட்டறாங்க. தெச்ச பனியன்ல தொங்கற நூல ஒவ்வொண்ணா வெட்டிக் குடுக்கற வேல. அதுலயும் போன மாசம் ஒரு கட்டு பனியன எலி கடிச்சுருச்சுன்னு கம்பெனிக்காரங்க மூஞ்சில வீசாத குறையாத் திருப்பி அனுப்பிட்டாங்க.

எலி ரூமுல இருக்கறதுகள மட்டும் அப்பா "நம்ம புள்ளைக"ன்னுதான் சொல்லுவாரு.

தரணிகிட்ட இன்னொரு பயமும் இருந்துச்சு. புதன்கெழம அப்பா அவள அந்த ரூமுக்குள்ள விட்டாரு. வெளியாளுக உள்ள போவக்கூடாது. தெரிஞ்சா அப்பாவுக்கு வேல போயிரும். அதனால வாயவே தொறக்கறதில்லைன்னு அவ முடிவு பண்ணிட்டா.

பத்து மணிக்கு டாக்டர் அனுப்ரியா வந்தாங்க. பெத்தாலஜி. செத்தது எதனால செத்துச்சுன்னு சொல்றதுதான் அவங்க வேல. டீன் அனுப்பிருந்தாரு. சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஆளு யாருன்னு தெரியோணும், இல்லீன்னா போலீசுல குடுத்துரலாம்னு.

அவங்க யாரையும் வெரட்டல. மொதல்ல தீனி மூட்டையப் பாத்தாங்க. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஒரே மூட்டை. தண்ணி டிரம்மும் ஒண்ணுதான். அப்புறம் ஒவ்வொரு கூண்டா குனிஞ்சு பாத்தாங்க. கூண்டுக்குள்ள பரப்பிருந்த உமிய ரெண்டு வெரல்ல எடுத்து மோந்து பாத்தாங்க. செவுத்துல ஒட்டிருந்த காயிதத்தப் படிச்சாங்க.

அடுத்து சுரேந்தரக் கூப்புட்டாங்க. டாக்டர் வேல்குமார்கிட்ட பிஎச்டி பண்ற பையன்.

"நேத்து ராத்திரி எட்டுக்கு உங்க கார்டு உள்ள போயிருக்கு."

"சார்ஜரு மறந்துட்டேங்க மேடம்."

"நாலு நிமிசம் இருந்திருக்கீங்க."

"தேடோணுமில்லீங்க?"

"சார் மேல கோவம் இருக்குன்னு சொல்றாங்க."

"இருக்குங்க. கட்டுரைல எம்பேர எடுத்துட்டாரு. அதுக்கு அவரு கார்ல ஆணிய வெச்சு நாலு கோடு போடுவேன். எலி என்னங்க பண்ணுச்சு?"

வராண்டாவுல நின்னவங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு. டாக்டர் வேல்குமாருக்கு வரல.

பதினொண்ணரைக்கு அனுப்ரியா பக்கத்து ரூமுல ஒரு எலிய அறுத்தாங்க. சுரேந்தர உக்கார வெச்சு எழுதச் சொன்னாங்க. கதவு பாதி தொறந்திருந்துச்சு. வெளிய பெஞ்சுல தரணி, மடில அப்பாவுக்குக் கொண்டாந்த சோத்துத் தூக்குப் போசி.

"வவுறு பூரா ரத்தம். எழுதுங்க. உறையவே இல்ல."

"செத்து நேரம் ஆயிருச்சுல்லீங்க மேடம்?"

"ஆனாலும் இப்படித் தண்ணியா இருக்காது. எரப்பைல தீனி மட்டும்தான் இருக்கு. அப்புறம், முன் பல்லு சந்துல வெள்ளையா ஒரு பிசிறு."

"இந்தப் பனியன் ஊர்ல யாரு மேலதாங்க பிசிறு இல்ல? உங்க தலைலயே ரெண்டு ஒட்டிருக்குதுங்க."

அவங்க தலையத் தட்டி விட்டுட்டுச் சிரிச்சாங்க. ஆனா அந்தப் பிசிறத் தூக்கிப் போடல. சின்னக் குப்பில போட்டு மூடுன சத்தம் கேட்டுச்சு.

ரெண்டரை மணி. எல்லாரும் டாக்டர் வேல்குமார் ரூமுல. தரணியப் பாத்து, "நீ வெளியவே இரு கண்ணு"ன்னாங்க அனுப்ரியா. அவ கதவோரமா நின்னா.

"நேத்து யாரு வந்தா, யாரு போனான்னே எல்லாரும் தேடறோம். தப்பு அங்கதான்," அனுப்ரியா ஆரம்பிச்சாங்க. "இது கடைல விக்கற எலி மருந்து. தின்னதும் கொல்லாது. ரத்தம் உறையற சக்தியக் கொஞ்சங்கொஞ்சமாக் கெடுத்து, நாலஞ்சு நாள் கழிச்சு உள்ளயே ஒழுக விட்டுத்தான் கொல்லும். திங்கக்கெழம செத்துச்சுன்னா, புதனோ வியாழனோதான் உள்ள போயிருக்கோணும்."

சுரேந்தர் மூச்ச விட்டான். "நான் செவ்வாக்கெழமையே கோயம்புத்தூரு போயிட்டேங்க. சனிக்கெழமதான் வந்தேன்."

"தெரியும். சார் சென்னைல. அந்த ரெண்டு நாளும் கதவுல பதிஞ்சது ஒரே கார்டுதான்." அவங்க திரும்புனாங்க. "வெள்ளையண்ணா. உங்க கார்டு."

அப்பா நிமிரல.

"குட்டி போட்ட கூண்டப் பத்து நாளைக்குத் தொடக்கூடாது. செவுத்துல நீங்கதான் எழுதி ஒட்டிருக்கீங்க. ஆனா இன்னைக்கு, செத்த பன்னெண்டு கூண்டுல மட்டும் புது உமி. ஆறு பத்துக்குக் கதவு தொறந்திருக்கு. ஏழு அஞ்சுக்குத்தான் ஃபோன். நடுவுல அம்பத்தஞ்சு நிமிசம் என்னங்ணா பண்ணுனீங்க?"

அப்பா கழுத்துல தொங்குன கார்டக் கைல புடிச்சுக்கிட்டாரு.

"நாந்தாங்க மேடம்," அப்பா சொன்னாரு. "நாந்தான் மருந்து வெச்சேன்."

"அட துரோகி!" டாக்டர் வேல்குமார் எந்திரிச்சுட்டாரு. "உனக்கு நான் என்னய்யா கொறை வெச்சேன்?"

"இருங்க சார். என்ன மருந்துங்ணா?"

"எலி மருந்துங்க."

"பேரு?"

அப்பாவுக்குத் தெரியல.

"எதுல கலந்து வெச்சீங்க?"

"சோத்துலங்க."

"எரப்பைல ஒரு பருக்க சோறு இல்லீங்ணா. ஏன் வெச்சீங்க?"

அப்பா ஜன்னலப் பாத்தாரு. செவுத்தப் பாத்தாரு. மேசையப் பாத்தாரு. கதவுப் பக்கம் மட்டும் திரும்பவே இல்ல.

தரணிக்கு அப்பத்தான் ஒறைச்சுச்சு. அந்த அம்பத்தஞ்சு நிமிசம் அப்பா அள்ளிக் கொட்டுனது வெறும் உமி இல்ல. கதவத் தள்ளிட்டு அவ உள்ள வந்தா.

"புதன்கெழம நானும் உள்ள போனேங்க."

"கண்ணு, நீ வெளிய போ," அப்பா கத்துனாரு. அவரு கத்தி அவ கேட்டதே இல்ல. "மேடம், சின்னப் புள்ளைங்க, என்னமோ ஒளறுது."

"நீ சொல்லு கண்ணு."

"கீழ்த் தட்டுக்கு நேராத்தான் ஏசிக் காத்து வருதுங்க. குட்டிக மேல ரோமமே இல்ல. நடுங்கிட்டு கெடந்துச்சுக. ஊட்டுல எங்கம்மா ஒரு சாக்குல பனியன் வெட்டுத் துணி போட்டு வெச்சிருப்பாங்க. அதுல ஒரு பை அள்ளிட்டு வந்தேன். கூண்டுக்கு ரெண்டு ரெண்டு துண்டு போட்டேங்க. அப்பாவும் சரின்னாரு. தாய் எலிக அப்பவே வாங்கிருச்சுக. பல்லுலயே கிழிச்சுக் கிழிச்சு, பஞ்சு மாதிரி ஆக்கி, குட்டிகளச் சுத்தி வெச்சுக்கிச்சுக. அவ்வளவு சந்தோசமா இருந்துச்சுங்க."

அனுப்ரியா கோட்டுப் பைல இருந்து குப்பிய எடுத்து மேசைல வெச்சாங்க. உள்ள அந்த வெள்ளப் பிசிறு.

"பன்னெண்டு வாயிலயும் இதே நூலு. மொத எலில பாத்துட்டு மத்த பதினொண்ணுலயும் தேடுனேன். இந்த ஊர்ல எல்லாரு மேலயும் ஒட்டிருக்கறதால, கண்ணு அதப் பாத்துட்டே தாண்டிப் போயிருது. ஆனா நூலுல ஏது வெசம்னுதான் எனக்குப் புரியல." அவங்க குரலு எறங்குச்சு. "தரணி, உங்க ஊட்டுல எலி உண்டா?"

"இருந்துச்சுங்க."

"இப்ப?"

தரணி அப்பாவத் திரும்பிப் பாத்தா.

"இப்ப... சத்தமே இல்லீங்க."

அப்பா அப்படியே தரைல உக்காந்துட்டாரு.

அனுப்ரியா ஃபோன நீட்டுனாங்க. தரணி அம்மாவுக்குப் போட்டா. ஸ்பீக்கரு.

"என்ன கண்ணு, அப்பா சாப்புட்டாரா?"

"ம். ஏம்மா, நம்ம வெட்டுத் துணிச் சாக்குல ஏதாச்சும் போட்டீங்களா?"

"எலிப் பொடி தூவுனேன் சாமி. ஆச்சு ரெண்டு வாரம், நீ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப. பாழாப் போனதுக அதுலதான குடித்தனம் பண்ணுச்சு. ஏன், தொட்டியா? தொட்டுறாத கண்ணு. வெசம். சோப்பு போட்டுக் கையக் கழுவு."

"சரிம்மா."

அவ ஃபோன வெச்சா.

"இதுல கொலகாரங்க யாருமில்ல சார்," அனுப்ரியாதான் சொன்னாங்க. "அந்தம்மா பனியனக் காப்பாத்தப் பொடி தூவுனாங்க. இந்தப் புள்ள குட்டிகளக் காப்பாத்தத் துணி போட்டுச்சு. காலைல வந்து பாத்த அண்ணன், மவ பேரு வந்துருமோன்னு துணிய அள்ளிக் கொட்டிட்டாரு. துணில வெசம் இருந்தது அவருக்கும் இப்பத்தான் தெரியும். துணி போட்ட கூண்டுல இருந்த தாய் எலிக மட்டும்தான் செத்துச்சு. டீனுக்கு இதத்தான் எழுதிக் குடுப்பேன்."

டாக்டர் வேல்குமார் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. தொடைச்சுட்டே இருந்தாரு.

"வெளிய இருந்து ஒரு துரும்பு உள்ள வரக்கூடாதுன்னு உங்கிட்ட எத்தன தடவ சொல்லிருப்பேன் வெள்ளையா?"

"சொன்னீங்க சார்."

"அடுத்த வருசம் எனக்கு ரிட்டயர்மெண்டு. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்க எங்கிட்ட நாளு இல்ல." அவரு யாரையும் பாக்கல. "போலீசு வேண்டாம். கார்ட வெச்சுட்டுப் போ."

அப்பா கழுத்துல இருந்து கார்டக் கழட்டி ரெண்டு கையாலயும் மேசைல வெச்சாரு. வராண்டாவுக்கு வந்ததும் சுரேந்தர் பின்னாலயே ஓடி வந்தான்.

"அந்த ஃபில்லரக் குடுங்ணா. குட்டிகள நான் பாத்துக்கறேன். ரெண்டு மணிக்கொருக்காத்தான?"

"ஒண்ணரை மணிக்கொருக்கா தம்பி. ஊட்டி முடிச்சு வவுத்தத் தடவி விடோணும். இல்லீன்னா ஒண்ணுக்குப் போவத் தெரியாது. அது அம்மா நக்கி விட்டுப் பழக்கம்." ஃபில்லர அவன் கைல வெச்சாரு.

மங்கலம் பஸ்ல ரொம்ப தூரம் வந்தப்புறம் அப்பா மெதுவாச் சொன்னாரு.

"அந்தப் பொடி விசயம் உங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது சாமி. அவ தாங்க மாட்டா. அந்த நெனப்புலயே வலிப்பு வந்துரும்."

"நான் பண்ணதையாவது சொல்றேனேப்பா?"

"ஏற்கெனவே ஃபோன்ல சாக்கப் பத்திக் கேட்டிருக்க. துணின்னு நீ ஆரம்பிச்சா பொடின்னு அவளே முடிச்சுருவா. உங்கம்மா வெவரம்."

ஆறேகாலுக்கு ஊட்டுக்கு வந்தாங்க. அப்பா செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, என்னோட கவனக்கொறைவுல தாய் எலி பன்னெண்டும் செத்துப்போச்சு, வேலைல இருந்து நிறுத்திட்டாங்கன்னு.

அம்மா மடில இருந்த பனியனக் கீழ வெச்சாங்க.

"பன்னெண்டா? அத்தன வருசமா அந்த மனுசன் எங்கள மாதிரிப் பொம்பளைகளுக்காகப் பாடுபட்டுட்டு இருந்தாரு. ஒரு கூண்டப் பாத்துக்கத் துப்பில்லையா உங்களுக்கு? வாயில்லாச் சீவன், அதுவும் புள்ள பெத்தது! எப்படிங்க மனசு வந்துச்சு?"

"எந்தப்புதான் சித்ரா."

"அந்தக் குட்டிக என்ன பண்ணும்? சொல்லுங்க, அம்மா இல்லாம அதுக என்ன பண்ணும்?"

அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டுனாரு. தரணி உதட்டக் கடிச்சுட்டு நின்னா. சொல்லிரலாம்னு ரெண்டு தடவ வாயி வரைக்கும் வந்துச்சு. அம்மாவோட கைவெரலு லேசா நடுங்கறதப் பாத்துட்டு ரெண்டு தடவயும் முழுங்கிட்டா.

திட்டித் திட்டி அம்மாவே ஓஞ்சு போயிட்டாங்க. அழுதாங்க. முந்தானைல மூஞ்சியத் தொடச்சாங்க.

"சரி, வாங்க. காலைல இருந்து பட்டினியாத்தான் இருப்பீங்க."

மூணு தட்டு வெச்சாங்க. அப்பாவுக்கு ஒரு கரண்டி கூடவே போட்டாங்க. அப்பா குனிஞ்சு சாப்புட ஆரம்பிச்சாரு. தரணி சோத்தப் பெசஞ்சா. பெசஞ்சுட்டே இருந்தா.