நீர் பிரியும் இடம்

செம்பிலிருந்து சிந்திய தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. பாதி கிழக்கே, பாதி மேற்கே. இஸ்ரவேல் குனிந்து பார்த்தான். அவனே மட்டம் பார்த்துப் போட்ட தரை, மேடு கிடையாது.

எப்போதும்வென்றான் ஊரில் சித்திரை மாதத்து உச்சிவெயில். கரிசல் முழுக்க வெடித்துக் கிடந்தது. ஆனால் வீட்டுக்குள் ஈரப்பாசி வாடை அடித்தது. மலை உச்சியில் மூக்கில் ஏறிய அதே வாடை.

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்த மறுவருஷம் அது. போன மாதம்வரை அவன் எல்லை அளக்கும் கூட்டத்தில் சங்கிலி பிடித்தான். உச்சியில் தண்ணீரை ஊற்றுவார்கள். எங்கே அது இரண்டு பக்கமும் பிரிகிறதோ அங்கே கல் நடுவார்கள். சங்கிலியின் மறுமுனையில் மாடக்கண்ணு. மேகத்தில் ஆள் தெரியாவிட்டால் அவன் இரண்டு இழுப்பு இழுப்பான். பிடித்திருக்கிறாயா என்று அர்த்தம். பதிலுக்கு இவனும் இரண்டு இழுக்க வேண்டும்.

அன்றைக்கு இரண்டு இழுப்பு வந்தது. பிறகு சங்கிலி கனத்தது. மாடக்கண்ணு சரிவில் தொங்குகிறான் என்று கைக்குத் தெரிந்தது. இவன் கால் வழுக்கியது. விட்டுவிட்டான். சங்கிலியோடு மாடக்கண்ணு மேகத்துக்குள் போனான். சங்கிலி தானாக அறுந்து போனது என்று ஆபீசரிடம் சொன்னான். பெண்டாட்டி ஸ்டெல்லாமேரியிடமும் அதையே சொன்னான்.

வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் குரல் கொடுத்தாள்.

"இங்கன வெடிப்புக்குள்ள உங்க சங்கிலி கெடக்கு. அறுந்து போச்சுன்னு சொன்னிய, முழுசால்லா இருக்கு."

"ஏட்டி, அதைத் தொடாத. உள்ள வா."

"பித்தளைப் பிடில்லா, யாரு விடுவா?"

அவன் வெளியே ஓடினான். வெயிலைக் காணோம். வாசல் முழுக்க வெள்ளை மேகம் இறங்கியிருந்தது. உருவிய சங்கிலியை அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். வெடிப்புக்குள் இருந்த பாகம் விறைத்து நின்றது.

"யாரோ இழுக்காவ," என்றாள். இப்போது கேலி இல்லை.

அவளுடைய மறு கையைப் பிடித்தான். கனம். தெரிந்த கனம். அவள் முழங்கை உள்ளே போனது. தோள் போனது. ஒரு சாண் வெடிப்பு அது.

"விட்ராதிய."

கால் வழுக்கியது.

கை திறந்துகொண்டது.

வெயில் திரும்பி வந்தது. வத்தல் சிவப்பாகக் கிடந்தது. வெடிப்பின் ஓரத்தில் சங்கிலியின் பித்தளைப் பிடி மட்டும் வெளியே தெரிந்தது. அவன் அதை எடுத்தான். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

வெடிப்புக்குள்ளிருந்து இரண்டு இழுப்பு.

சற்றுப் பொறுத்து, வளையல் சத்தத்தோடு, இன்னும் இரண்டு.