காணாமல் போன கோணப்பல்

“யாரும் எதையும் தொடாதீங்க! முதல்ல கதவைச் சாத்து!”

பல் மருத்துவக் கல்லூரியின் பல்செட் துறைத் தலைவர் கத்திக்கொண்டே ஆய்வுக்கூடத்துக்குள் பாய்ந்தார். அவர் பின்னால் நிதானமாக வந்தார் தடயவியல் பேராசிரியை. மாணவர்கள் வைத்த பெயர் ‘துப்பு மேடம்’. கூடவே துள்ளிக்கொண்டு வந்தாள் அவருடைய உதவியாளினி, ஒரு பயிற்சி மருத்துவர்.

மேசையில் ஒரு கிண்ணம். உள்ளே, தண்ணீரில் மூழ்கியபடி, நடுவில் இரண்டாகப் பிளந்த மேல்வரிசைப் பல்செட்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் இறுதித் தேர்வு. அந்தச் செட்டை நோயாளியின் வாயில் பொருத்திக் காட்ட வேண்டியவள் துறைத் தலைவரின் சொந்த மகள். செட் இல்லையென்றால் ஒரு வருடப் படிப்பு அம்பேல்.

“முதல் ராங்க்காரன் வேலைதான் மேடம் இது! என் பொண்ணு முந்திடுவாளோன்னு வயித்தெரிச்சல்!”

கத்திய வேகத்தில் அவருடைய வெள்ளைக் கோட்டின் பை கூட நனைந்திருந்தது. வியர்வை, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் உதவியாளினி. மகளோ மூலையில் நின்றாள். அழவில்லை. அதுதான் உறுத்தியது.

“பல்செட்டை ஏன் தண்ணியில போட்டு வைக்கிறோம்?” என்றார் துப்பு மேடம்.

“காஞ்சா வளைஞ்சிடும் மேடம். ஆரம்பப் பாடம்!” என்றாள் உதவியாளினி.

“வஞ்சம் வெச்சு உடைக்கிறவன், உடைச்சதை இவ்வளவு பத்திரமா ஊறப் போடுவானா?”

மேடம் இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, வாசலில் காத்திருந்த நோயாளியைக் கூப்பிட்டார். வயதான தையல்காரர்.

“ஐயா, இது உங்க பல்லுதானா?”

அவர் பார்த்ததும் பொக்கை வாயால் சிரித்துவிட்டார். “இது யாரோ மாப்பிள்ளைக்குச் செஞ்சதும்மா. என் முன்பல்லு ஒண்ணு கோணலு. அது இல்லாம போய் நின்னா என் வீட்டுக்காரி யாரோன்னு கதவைச் சாத்திடுவா! இந்தப் பொண்ணு மெழுகுல வெச்சுக் காட்டினப்பகூட கோணலாத்தானே இருந்துச்சு?”

மேடம் மகளிடம் திரும்பினார். “உடைச்சது நீதானே?”

“ஆமா மேடம். காலையில வந்தா நான் செஞ்சதைக் காணோம், இது இருந்துச்சு. இதைக் காட்டினா மார்க் கொட்டும். ஆனா இது என் கை வேலையும் இல்ல, அவர் கேட்ட பல்லும் இல்ல. முழுசா இருந்தா எனக்கே சபலம் தட்டும்னு சுத்தியலால ஒரே போடு.”

“மாத்தினது யாரு?”

“தெரியாது மேடம்.” தரையைப் பார்த்தாள்.

“உனக்குப் பொய் சொல்ல வரலம்மா.”

உதவியாளினி துள்ளினாள். “கெடுக்க நினைச்சவன் மட்டமாத்தானே செஞ்சிருப்பான்? இது பளபளன்னு இருக்கே மேடம்!”

“அதேதான். இது உதவ நினைச்ச கை. நேத்து ஒரே நாள்ல இவ்வளவு சுத்தமா முடிக்கிற கை இந்தக் கட்டடத்துலயே ஒண்ணுதான் இருக்கு.” மேடம் குரலை உயர்த்தவே இல்லை. “சார், ஏசி அறையில உங்க கோட்டுப் பை மட்டும் ஏன் ஈரமா இருக்கு?”

துறைத் தலைவரின் கை தானாகப் பைக்குப் போனது.

“கோணப்பல்லுக்கு மார்க்கைக் குறைச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன்... உடைச்சது நீன்னு சத்தியமா தோணலம்மா.” மகளைப் பார்த்தார். தலை நிமிர்ந்தது. “தேர்வாளர்கிட்ட நடந்ததை நானே சொல்றேன். அவர் என்னை என்ன வேணா பண்ணட்டும். இவளுக்கு அப்பன்னு சொல்லிக்க எனக்குக் கொடுத்து வெச்சிருக்கு.”

“உன்னோடதைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். மனசு வரல” என்று கையை வெளியே எடுத்தார்.

ஈரப் பஞ்சில் பொதிந்து, துளியும் காயாமல், கோணப்பல்லைக் காட்டிச் சிரித்தது மகள் செய்த பல்செட்.